எண்ணூறு மீட்டரில் இரண்டு வெள்ளிகள்

தடகள மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தால் 800 மீட்டர். முதல் சுற்றில் வேகத்தைக் கொட்டிவிட்டவருக்கு இரண்டாம் சுற்றில் கால் எழும்பாது. அடக்கியே ஓடியவர், கடைசி நூறு மீட்டரில் எட்டிப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் பின்தங்கிவிடுவார். வேகத்தையும் மூச்சையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து ஓட வேண்டிய பந்தயம் இது. இந்தப் பந்தயத்தில் ஆசியப் பெண்கள் இருவர் பெற்ற இரண்டு வெள்ளிப் பதக்கங்களைப் பற்றியது இக்கட்டுரை. ஒன்று, 1928 ஆகஸ்ட் 2 அன்று ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கினுயே ஹிடோமி 2 நிமிடம் 17.6 விநாடியில் ஓடிப் பெற்றது. மற்றொன்று, 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடிப் பெற்றது. இருவரும் ஓடி முடித்த பிறகு உலகம் அவர்கள் ஓட்டத்தைப் பற்றிப் பேசியதைவிட உடலைப் பற்றியே அதிகம் பேசியது. 1928இல், பெண்ணுடல் இதைத் தாங்காது என்றார்கள். 2006இல், இது பெண்ணுடலே இல்லை என்றார்கள். இந்த இரண்டு தீர்ப்பும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பது என் வாதம். அதிகாரத்தில் இருப்பவர்கள் முதலில் முடிவு கட்டினார்கள், பிறகு ஆதாரம் தேடினார்கள், இடைப்பட்ட காலத்தின் அவமானத்தை ஓடிய பெண்ணின் தலையில் ஏற்றினார்கள்.

சாந்தி, புதுக்கோட்டை அருகே கத்தக்குறிச்சி என்ற சிற்றூரில் 1981இல் பிறந்தவர். பெற்றோர் செங்கல் சூளையில் வேலை செய்த தலித் கூலித் தொழிலாளர்கள். சத்தான உணவும் நல்ல காலணியும் எட்டாத வீட்டிலிருந்து பள்ளி, கல்லூரிப் போட்டிகள் வழியாக மாநில அணிக்கும், அங்கிருந்து இந்திய அணிக்கும் அவர் வந்து சேர்ந்தார். 2005இல் தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு தோஹாவில் பஹ்ரைன் வீராங்கனை மரியம் யூசுப் ஜமாலுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். பதக்கம் கழுத்தில் ஏறிய சில நாட்களிலேயே பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி ஊடகங்களில் பரவியது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஊக்கமருந்து எதையும் அவர் உட்கொண்டதாகக் குற்றச்சாட்டே இல்லை. பிறந்த உடலோடு ஓடியதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை. மருத்துவருக்கும் அவருக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம், தெருமுனை டீக்கடையில் செய்தித்தாள் படிப்பவர் வரைக்கும் போனது.

ஹிடோமியின் கதை 1907 ஜனவரி 1 அன்று ஜப்பானின் ஒகயாமாவில் தொடங்குகிறது. உயரமான உடல்வாகு, பள்ளிப் பருவத்திலேயே நீளம் தாண்டுதலில் பேர் பெற்றவர். டோக்கியோவில் நிகாய்டோ டோகுயோ என்ற பெண்மணி நடத்திய உடற்கல்விப் பள்ளியில் பயின்றார். பிறகு ஒசாகா மைனிச்சி நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தார். 1926இல், ஜப்பானிலிருந்து தனி ஒருவராக சைபீரிய ரயிலேறி ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்த பெண்கள் உலக விளையாட்டுப் போட்டிக்குப் போனார். அந்தப் போட்டி உருவானதற்கே ஒரு காரணம் உண்டு. ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களுக்கு இடம் தர மறுத்ததால், பிரான்சின் அலீஸ் மிலியா என்பவர் பெண்களுக்கென்று தனி அமைப்பையே உருவாக்கியிருந்தார். அங்கே ஹிடோமி நீளம் தாண்டுதலில் உலக சாதனையோடு தங்கம் வென்றார், மொத்தப் புள்ளிகளில் தனிநபர் முதலிடமும் பெற்றார். 1928 மே மாதம் அவர் தாண்டிய 5.98 மீட்டர், பதினோரு ஆண்டுகள் உலக சாதனையாக நின்றது. ஆனால் சொந்த நாட்டில் ஒரு பெண் அரைக்கால் சட்டை அணிந்து, ஆட்கள் முன்னால் ஓடுவதே பலருக்கு உறுத்தியது. அவருடைய உயரத்தையும் தசையையும் பார்த்து, இவர் பெண்தானா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். சாந்தியிடம் பரிசோதனைக் கூடம் கேட்ட அதே கேள்வி அது.

ஆம்ஸ்டர்டாமில்தான் ஒலிம்பிக் தடகளத்தின் கதவு பெண்களுக்கு முதன்முதலாகத் திறந்தது, அதுவும் ஐந்தே பந்தயங்களுக்கு. ஹிடோமி நம்பியிருந்தது 100 மீட்டரை. அரையிறுதியோடு அது முடிந்துபோனது. வெறுங்கையோடு ஊர் திரும்ப மனமில்லாமல், பழக்கமே இல்லாத 800 மீட்டரில் இறங்கினார். ஜெர்மனியின் லீனா ராட்கே முதலில் வந்தார், 0.8 விநாடி இடைவெளியில் ஹிடோமி இரண்டாவது. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவர். ஒன்பது பெண்கள் ஓடிய இறுதிப் போட்டி அது, ஒன்பது பேரும் எல்லைக் கோட்டைக் கடந்தார்கள். மூச்சு வாங்க, சிலர் புல்லில் சாய்ந்தார்கள். ஆனால் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது வேறு கதை. பதினொரு பெண்கள் ஓடியதாகவும், அவர்களில் ஐந்து பேர் பாதியிலேயே விழுந்துவிட்டதாகவும் எழுதியவர்கள் உண்டு. ஓடியவர்களின் எண்ணிக்கையைக்கூடச் சரியாக எண்ணாத அந்தச் செய்திகளை நம்பி, பெண்களுக்கான 800 மீட்டரையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்பி வந்தது. இடையில் 32 ஆண்டுகள். ஒரு தலைமுறைப் பெண்களுக்கு அந்தத் தூரத்தில் ஒலிம்பிக் கனவே இல்லாமல் போனது.

அது பெண்கள் மீதான அக்கறை, அன்றைய மருத்துவம் அவ்வளவுதான் அறிந்திருந்தது என்று ஒருவர் சொல்லலாம். அக்கறை என்றால் அது எல்லோருக்கும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசரோ ஓடும்போதே சுருண்டு விழுந்து, மறுநாள் இறந்துபோனார். ஆண்களின் மாரத்தானை அதற்காக யாரும் நிறுத்தவில்லை. புல்லில் சாய்ந்து சில நிமிடங்களில் எழுந்துவிட்ட பெண்களுக்காக ஒரு பந்தயமே ஒழிக்கப்பட்டது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹிடோமி வாழ்ந்த ஒசாகா, பஞ்சாலைகளின் நகரம். ஜப்பானியப் பஞ்சாலைகளில் பெண்கள் இரவு ஷிப்ட் பார்ப்பதைத் தடுக்கும் விதி 1929 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. அதாவது, இரண்டே கால் நிமிட ஓட்டத்தைப் பெண்ணுடல் தாங்காது என்று உலகம் முடிவு செய்த அந்த ஆண்டில், ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இரவெல்லாம் தறி முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் உடல் தாங்குமா என்று அந்த முடிவை எடுத்த கனவான்களில் யாரும் கேட்கவில்லை.

இந்த இரட்டை அளவை நமக்குத் தொலைவில் உள்ளதாக எண்ண வேண்டியதில்லை. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்களில் ஏறிப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்பர் தைப்பதும், பசை தடவுவதும், பெட்டியில் அடுக்குவதும் அவர்கள் வேலை. வீட்டில் சமையலை முடித்து வந்து, நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்தோ நின்றோ அதைச் செய்கிறார்கள். அதே வீட்டுப் பெண் பிள்ளை மைதானத்துக்குப் போகிறேன் என்றால், உடம்பு கெட்டுவிடும், கறுத்துவிடுவாய், நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பேச்சு எழுகிறது. சாந்தியின் தாய் செங்கல் சுமந்தபோது அவர் உடலின் வலிமையை யாரும் சந்தேகிக்கவில்லை. கூலிக்கு உழைக்கும்போது பெண்ணின் வலிமை இயல்பானதாகத் தெரிகிறது. அதே வலிமை அவளுக்கே சொந்தமான வெற்றியாக மாறும்போதுதான் விசாரணை தொடங்குகிறது. ஆம்ஸ்டர்டாமையும் தோஹாவையும் இணைக்கும் நூல் இதுதான் என்று நினைக்கிறேன்.

பாலினச் சோதனையின் வரலாறும் இதையே சொல்கிறது. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து பெண் வீராங்கனைகள் அனைவருக்கும் மரபணு அடிப்படையிலான சோதனை கட்டாயமானது. ஆண்கள் பெண் வேடமிட்டு வந்துவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சோதனையில் சிக்கியவர்களோ, தங்கள் உடலில் அப்படியொரு வேறுபாடு இருப்பதே தெரியாமல் பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர்கள். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ, 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழகப் போட்டியில் இப்படி நிறுத்தப்பட்டார். செய்தி வெளியானதும் உதவித்தொகை, பதக்கங்கள் எல்லாவற்றையும் இழந்தார். அவருடைய உடல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு எதிர்வினையே காட்டாது, அதனால் கூடுதல் வலிமை எதுவும் வராது என்பதை விளக்கிப் போராடி, 1988இல்தான் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு வேறுபாடு தெரிந்தது. ஆராய்ந்து பார்த்து எட்டுப் பேரையுமே போட்டியிட அனுமதித்தார்கள். முப்பது ஆண்டுச் சோதனையின் பலன் இவ்வளவே என்று உணர்ந்த சர்வதேச ஒலிம்பிக் குழு, 1999இல் அதைக் கைவிட்டது.

கட்டாயச் சோதனை போனபின், சந்தேகம் எழுந்தவரை மட்டும் சோதிப்பது என்ற ஏற்பாடு எஞ்சியது. சாந்தி சிக்கியது இந்தக் காலத்தில். பார்வைக்கு வேறுபட்டுத் தெரிகிறவர் மீதுதான் சந்தேகம் எழும் என்பதால், இது கட்டாயச் சோதனையைவிடக் கொடியது. 2006இல் எந்த ஹார்மோன் எவ்வளவு இருந்தால் பெண்கள் பிரிவில் ஓடக் கூடாது என்று எண்ணால் வரையறுத்த விதியே சர்வதேசத் தடகளத்தில் இல்லை. அப்படி ஒரு விதி 2011இல்தான் வந்தது. லிட்டர் இரத்தத்துக்கு 10 நானோமோல் டெஸ்டோஸ்டிரோன் என்பது அதன் எல்லை. ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த் 2014இல் இதன்படி நிறுத்தப்பட்டு வழக்காடினார். அந்த அளவுக்கும் ஓட்ட வேகத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2015இல் விதியை நிறுத்திவைத்தது. 2018இல் எல்லை 5 ஆனது, 2023இல் 2.5 ஆனது. 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் என்றிருந்தது எல்லாப் பந்தயங்களுக்கும் விரிந்தது. விதிக்கு அடிப்படையாகக் காட்டிய 2017ஆம் ஆண்டு ஆய்வுக்கு அதை எழுதியவர்களே 2021இல் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை மாறிய ஓர் எல்லையை, அது பிறக்கும் முன்பே மீறியதுபோல ஒருவருடைய பதக்கத்தைப் பறித்தது எப்படி நியாயமாகும்?

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. பந்தயத்தில் சாந்தி மட்டும் ஓடவில்லை. மூன்றாவதாக வந்தவரும், நான்காவதாக வந்து பதக்கம் இழந்தவரும் ஆண்டுக்கணக்கில் உழைத்த பெண்கள்தானே? ஆண், பெண் என்று பிரித்ததே பெண்களுக்கு வாய்ப்புத் தருவதற்காக என்றால், அந்தப் பிரிவுக்கு ஓர் எல்லை வேண்டாமா? வேண்டும். உடல்கள் ஒன்றுபோல இல்லை என்பதை விளையாட்டு உலகம் எப்போதோ ஏற்றுக்கொண்டது. அந்த வேறுபாட்டை நாணயமாகக் கையாளும் வழியைத் தெரிந்துகொள்ள வேலூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரியின் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் முறையில் 149, கிளீன் அண்டு ஜெர்க் முறையில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார், 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் அதே பிரிவில் தங்கம் பெற்றார். பளுதூக்குதலில் எடைப் பிரிவு எது என்று முன்பே எல்லோருக்கும் தெரியும். போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒவ்வொருவரும் தராசில் ஏறுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே தராசு. ஒரு பிரிவில் இடமில்லை என்றால் இன்னொரு பிரிவு இருக்கிறது. பதக்கம் வாங்கிய பிறகு, இவர் தோளைப் பார்த்தால் கனமாகத் தெரிகிறது என்று ஒருவரை மட்டும் பிடித்து நிறுத்தி எடை பார்ப்பதில்லை. பார்த்த எடையைச் சொல்லி அவர் மனிதரே இல்லை என்பதுபோலச் செய்தி போடுவதும் இல்லை.

சாந்திக்கு மறுக்கப்பட்டது இந்த நாணயமான நடைமுறைதான். ஊக்கமருந்து உட்கொண்டதாகக் குற்றம் சாட்டப்படுபவருக்குக்கூட மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது மாதிரியைத் தன் ஆள் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமையும், விசாரணையில் பதில் சொல்லும் உரிமையும் உண்டு. தெரிந்தே தவறு செய்தவராக இருக்கலாம் என்று கருதப்படுபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, எந்தத் தவறும் செய்யாத பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. தென் ஆப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 800 மீட்டரில் உலகப் பட்டமும் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் வென்றவர். பின்னால் வந்த விதி அவரை அந்தத் தூரத்திலிருந்து விலக்கியது, ஆனால் பெற்ற பதக்கங்கள் அவரிடமே இருக்கின்றன. அவருடைய வழக்கு நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. செமன்யாவுக்குப் பின்னால் அவருடைய அரசும் வழக்கறிஞர்களும் நின்றார்கள். தூத்திக்கும் ஆதரவுக் குரல்கள் கிடைத்தன. 2006இல் செங்கல் சூளைக் கூலியின் மகள் கிட்டத்தட்டத் தனியாக நின்றார். விதியின் எழுத்து ஒன்றாக இருந்தாலும், அது யார் மீது எவ்வளவு கடுமையாக விழும் என்பதை அவர் பிறந்த வீடு தீர்மானிக்கிறது.

இப்போதுதான் எல்லாம் ஒழுங்குபட்டுவிட்டதே என்றும் கேட்கலாம். 2025 செப்டம்பர் 1 முதல், உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பங்கேற்பவர் அனைவரும் கன்னத்தின் உட்புறத்திலிருந்தோ இரத்தத்திலிருந்தோ மாதிரி கொடுத்து, வாழ்நாளில் ஒருமுறை எஸ்ஆர்ஒய் என்ற மரபணுச் சோதனையில் தேற வேண்டும். பதக்கத்துக்குப் பின் ஒருவரை மட்டும் பிடிப்பதைவிட, முன்கூட்டியே எல்லோருக்கும் ஒரே விதி என்பது மேல். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மரபணு இருக்கிறது என்பதும், அதனால் உடலுக்குக் கூடுதல் வலிமை வந்தது என்பதும் ஒன்றல்ல. மரியா ஹோசேயின் வழக்கும் அட்லாண்டாவின் எட்டுப் பேரும் அதைத்தான் காட்டினார்கள். மேலும், முடிவு எப்படி வந்தாலும் அதற்குப் பின் அந்தப் பெண் வீடு திரும்ப வேண்டும், திருமணப் பேச்சுகளும் ஊர்ப் பேச்சுகளும் உள்ள தெருவில் வாழ வேண்டும். மாவட்டப் போட்டியிலிருந்து தேசிய அணிக்குப் போகும் பதினேழு வயதுப் பெண்ணிடம், இது என்ன சோதனை, முடிவு யாருக்குத் தெரியும், தேறாவிட்டால் என்ன வழி என்பதை அவள் தாய்மொழியில் சொல்லி, விளங்கியபின் சம்மதம் வாங்கும் ஏற்பாடு இல்லாமல், சோதனைக் குச்சியை மட்டும் நீட்டுவது 2006ஐ வேறு உருவில் திரும்பக் கொண்டுவரும்.

ஹிடோமிக்கு நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. 1930இல் பிராக் நகரில் நடந்த பெண்கள் போட்டிக்குத் தன்னைவிட இளையவர்களான வீராங்கனைகளை அழைத்துக்கொண்டு போனார். அதற்கான பணத்தைப் பள்ளி மாணவிகளிடம் சிறுகச் சிறுகத் திரட்டினார். நீளம் தாண்டுதலில் மீண்டும் தங்கம் வென்றும், ஊரில் பாராட்டைவிடக் குறைசொல்லே காத்திருந்தது. ஓயாத போட்டிகளும் பயணங்களும் உரைகளுமாக உடல் தளர்ந்து, நுரையீரல் நோயில் விழுந்தார். 1931 ஆகஸ்ட் 2 அன்று, ஆம்ஸ்டர்டாம் ஓட்டம் முடிந்து சரியாக மூன்று ஆண்டு நிறைவில், 24 வயதில் இறந்தார். பிராக் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு நினைவுக் கல் உண்டு. ஒலிம்பிக் தடகளத்தில் அடுத்த ஜப்பானியப் பெண் பதக்கம் பெற 64 ஆண்டுகள் ஆயின. 1992 பார்சிலோனாவில் மாரத்தான் வெள்ளி வென்ற யூகோ அரிமோரி, ஹிடோமியின் அதே ஒகயாமாக்காரர். 800 மீட்டரே தாங்காது என்று சொல்லப்பட்ட பெண்ணுடல் 42 கிலோமீட்டரைக் கடந்து நின்றது. வாய்ப்புக் கொடுத்துப் பார்த்திருந்தால் 1932லேயே தெரிந்திருக்க வேண்டிய உண்மை அது.

சாந்தியும் ஓட்டத்தை விட்டு முற்றிலும் விலகிவிடவில்லை. பதக்கம் பறிபோன பிறகும் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி, அறிவித்த 15 லட்சம் ரூபாய் பரிசைக் கொடுத்தார். அதைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார் சாந்தி. நடுவில் வறுமையும் மனச்சோர்வும் மிகுந்த காலங்களைத் தாண்டி, பின்னர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். தன்னை வெளியே தள்ளிய தடத்தின் ஓரத்தில் நின்று, அடுத்தவர் நேரத்தைக் கடிகாரம் பிடித்துப் பார்க்க எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! ஹிடோமி திரட்டிய சில்லறையும் சாந்தி செலவிட்ட பரிசுப் பணமும் ஒரே காரியத்துக்குத்தான் போயின. தனக்குப் பின் வரும் பெண்கள் தனியாக நிற்கக் கூடாது என்பதே அந்தக் காரியம். முன்னோடி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. 2006இல் எண்ணால் வரையறுத்த விதி எதுவும் இல்லாத நிலையில் பறிக்கப்பட்ட வெள்ளியைச் சாந்திக்குத் திரும்பத் தரும்படி இந்தியத் தடகளச் சம்மேளனமும் தமிழ்நாடு அரசும் முறைப்படி வாதாட வேண்டும். அதனால் வேறு யார் பதக்கத்தையும் பிடுங்க வேண்டியதில்லை, ஒரே இடத்துக்கு இரண்டு வெள்ளி தரலாம். அடுத்து, இனி எந்தச் சோதனை வந்தாலும் அது போட்டிக்கு முன்பு, தனியறையில், சம்மதத்தோடு நடக்க வேண்டும், அதன் முடிவு பத்திரிகைக்குப் போகக் கூடாது. சத்துவாச்சாரியில் தராசு ஏறிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த நியாயம் எளிதில் புரியும். ஹிடோமியைவிட 14 விநாடிக்கும் மேல் வேகமாக ஓடினார் சாந்தி. அந்த நேரமும் பொய்யில்லை, அதை ஓடிய கால்களும் பொய்யில்லை. ஆம்ஸ்டர்டாம் பட்டியலில் இரண்டாம் இடத்தில் ஹிடோமியின் பெயர் இன்றும் இருக்கிறது. தோஹா பட்டியலிலும் சாந்தியின் பெயர் அதன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.